லைட்சேபரின் முன்ஜென்மம்: சினிமா ப்ராப்பர்ட்டிகள் எந்த அன்றாடப் பொருளிலிருந்து பிறந்தன என்று கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் ஓபி-வான் கெனோபி என்ற கதாபாத்திரத்தின் இடுப்பில் தொங்கும் லைட்சேபர், அதாவது ஒளிவாளின் பிடியை மேலிருந்து கீழாகப் பிரித்துப் பார்ப்போம். ஒளி கிளம்பும் வாய்ப்பகுதி, ரோல்ஸ்-ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சினில் இருந்த ஒரு குழாய்த் துண்டு. அதற்குக் கீழே வரிவரியாகக் கையில் பிடிக்கும் இடம், முதல் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் ரைபிள் கிரனேடின் உடல். அதற்கடுத்துச் சுற்றி இறுக்கியிருக்கும் கவ்வி, கிராஃபிளெக்ஸ் என்ற அமெரிக்க கேமரா ஃபிளாஷிலிருந்து கழற்றியது. அப்புறம் பிரௌனிங் மெஷின் கன்னின் குழல்வாயில் மாட்டும் பூஸ்டர். கடைசியாக அடியில் இருக்கும் குமிழ், ஆர்மிடேஜ் ஷாங்க்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடும் கைப்பிடி.

போர் விமானம், போர்க்களம், பத்திரிகைப் புகைப்படக்காரர், குளியலறை என்று நான்கு வேறு இடங்களில் வாழ்ந்து முடித்த பொருட்கள் ஒரு கைப்பிடியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. கோடம்பாக்கத்தில் ப்ராப்பர்ட்டி என்று சொல்கிற இந்தச் சாமான்களுக்கெல்லாம் ஒரு முன்ஜென்மம் உண்டு. அதைத் தேடிப் பிடிப்பதுதான் பல வருடங்களாக என்னுடைய பொழுதுபோக்கு. எந்த வரிசையில் தேடுவது, எதை நம்புவது, எங்கே வழி தவறும் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. "இது எதைப் போல இருக்கிறது?" என்று கேட்டுத் தேடினால் பெரும்பாலும் தோற்போம். "இது முன்பு என்ன வேலை செய்தது?" என்று கேட்டால் வழி திறக்கும். தொழிற்சாலையில் செய்த பொருளின் மேல் இருக்கும் ஒவ்வொரு துளைக்கும், வரிக்கும், வளைவுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் சினிமாவுக்கு முந்தையது.

முதல் படி: எந்தப் பொருள், எந்தப் பிரதி என்று முடிவு செய்யுங்கள்

ஒரு படத்தில் ஒரு ப்ராப்பர்ட்டி ஒன்றே ஒன்றாக இருப்பது அபூர்வம். அருகில் வைத்துப் படமெடுக்க நல்ல பிரதி ஒன்று இருக்கும். சண்டைக் காட்சிக்கு உடையாத பிரதி, தூரத்தில் நிற்கும் துணை நடிகர்களுக்கு ரப்பரிலோ ரெசினிலோ வார்த்த பிரதி என்று மற்றவை இருக்கும். இரண்டாம் பாகம் எடுக்கும்போது முதல் பாகத்தின் பொருள் காணாமல் போய், வேறு பாகங்களை வைத்துப் புதிதாகச் செய்திருப்பார்கள். இவற்றைக் கலந்து பார்த்தால், இல்லாத ஒரு பொருளைத் தேடி அலைவோம்.

அதனால் ஒரு நோட்டை எடுத்து, படத்தின் பெயர், காட்சி, நிமிடம், நொடி என்று குறித்துக்கொண்டு, அந்தக் காட்சியில் தெரியும் பிரதிக்கு ஒரு எண் கொடுங்கள். வேறு காட்சியில் ஒரு திருகு இடம் மாறியிருந்தால் அதற்கு வேறு எண். சலிப்பான வேலைதான். ஆனால் பின்னால் வரும் குழப்பத்தில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: நல்ல படங்களைச் சேருங்கள்

திரையில் ஓடும் காட்சியைவிட, படப்பிடிப்பின்போது ஸ்டில் போட்டோகிராஃபர் எடுத்த படங்கள் பல மடங்கு தெளிவாக இருக்கும். ஓடும் படத்தில் கை அசையும்போது பொருள் மங்கும். ஸ்டில் கேமராவுக்கு அந்தச் சிக்கல் குறைவு. விளம்பரத்துக்காக அச்சிட்ட பழைய கறுப்பு வெள்ளைப் பிரதிகளை நல்ல ஸ்கேனரில் போட்டால், திருகின் தலை எந்த வகை என்பதுகூடத் தெரியும். அடுத்த இடம் ஏலப் பட்டியல்களுக்கு. சினிமாப் பொருட்களை விற்கும் ஏல நிறுவனங்கள் வாங்குபவரின் நம்பிக்கைக்காக ஒவ்வொரு பொருளையும் பல கோணங்களில் படமெடுத்துப் போடுகிறார்கள், அளவும் தருகிறார்கள். அருங்காட்சியகக் கண்காட்சிகளில் பார்வையாளர்கள் எடுத்த படங்களும் உதவும். ஆனால் காட்சிக்கு வைத்திருப்பது படத்தில் வந்த அசலா, பிற்பாடு செய்த பிரதியா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிளேடு ரன்னர் படத்தில் ஹாரிசன் ஃபோர்டு வைத்திருக்கும் துப்பாக்கியின் கதை இதற்கு நல்ல உதாரணம். படம் வந்தது 1982இல். ரசிகர்கள் வருடக்கணக்கில் படத்தின் பிரேம்களையும் கிடைத்த சில ஸ்டில்களையும் வைத்துக்கொண்டு உள்ளே என்ன இருக்கிறது என்று வாதாடினார்கள். 2006இல் அமெரிக்காவின் அனாஹைம் நகரில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் அசல் துப்பாக்கியே காட்சிக்கு வந்தது. அதைக் கிட்டத்தில் இருந்து எடுத்த படங்கள் வாதத்தை முடித்துவைத்தன. மேல்பாகம் ஆஸ்திரிய ஸ்டெயர்-மான்லிகர் வேட்டை ரைபிளின் போல்ட் பகுதி. உள்ளே இருப்பது சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டாக் என்ற அமெரிக்க ரிவால்வர். இரண்டையும் உறை போட்டு ஒன்றாக்கி, சிவப்பும் பச்சையுமாகச் சின்ன விளக்குகள் பொருத்தியிருந்தார்கள். 2009இல் அது 2,70,000 டாலருக்கு ஏலம் போனது.

படங்களைச் சேர்க்கும்போது ஒரு பொறி உண்டு, அது இட வலமாகத் திருப்பிப்போட்ட படம். பத்திரிகைகளும் போஸ்டர்களும் அழகுக்காகப் படத்தைத் திருப்பிவிடுவார்கள். நடிகரின் சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம், தலைமுடி வகிடு எந்தப் பக்கம், பின்னால் தெரியும் எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

மூன்றாம் படி: அளவு

படத்தில் எப்படியாவது ஒரு தெரிந்த அளவைப் பிடிக்க வேண்டும். தெரிந்த பாகம் ஒன்று ஏற்கெனவே அடையாளமாகியிருந்தால் பாதி வேலை முடிந்தது. அது இல்லையென்றால் நடிகரின் உள்ளங்கை, இடுப்பு பெல்ட்டின் அகலம், பேட்டரி போன்றவற்றை வைத்துக் கணக்குப் போடலாம்.

குழாயின் விட்டம் 38 மில்லிமீட்டர் என்று தெரியும், படத்தில் அது 190 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சலுக்கு 0.2 மில்லிமீட்டர். அதே படத்தில், கேமராவிலிருந்து அதே தூரத்தில் இருக்கும் குமிழ் 260 பிக்சல் என்றால் அது 52 மில்லிமீட்டர். "அதே தூரத்தில்" என்பது முக்கியம். கேமரா பக்கம் நீட்டிய முனை எப்போதும் பெரிதாகவே தெரியும். அதனால் நான் அளவைவிட விகிதத்தைத்தான் அதிகம் நம்புவேன். நீளம் அகலத்தைப் போல எத்தனை மடங்கு, வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வரியின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு என்று நாலைந்து விகிதங்களைக் குறித்துக்கொண்டால், பிறகு எந்த விற்பனைப் படத்தோடும் ஒப்பிடலாம்.

அளவு தெரிந்தால் வேலையும் தெரிய ஆரம்பிக்கும். ஸ்டார் வார்ஸின் நாயகன் லூக் ஸ்கைவாக்கரின் லைட்சேபர் பிடி கிராஃபிளெக்ஸ் ஃபிளாஷின் கைப்பிடி. பளபளக்கும் அந்தக் குழாய் ஏன் அந்த நீளம், ஏன் அந்தப் பருமன்? உள்ளே மூன்று பெரிய டார்ச் பேட்டரி போட வேண்டும், அதனால்தான். நம் வீட்டு டார்ச்சில் போடும் டி சைஸ் பேட்டரியின் விட்டம் சுமார் 34 மில்லிமீட்டர், நீளம் சுமார் 61 மில்லிமீட்டர். மூன்றை அடுக்கினால் 18 சென்டிமீட்டருக்கு மேல் வரும். லைட்சேபர் என்ன என்று தெரியாத ஒருவரிடம் இந்த அளவை மட்டும் சொன்னால்கூட "டார்ச் லைட் மாதிரி ஏதோ" என்பார். கிட்டத்தட்ட சரியான பதில் அது.

நான்காம் படி: பொருளை வாசியுங்கள்

இந்தக் கலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. நிதானமாகப் போவோம்.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய இரும்பு வாங்கும் காயலான் கடை ஒன்றில், பக்கமெல்லாம் துளை போட்ட ஒரு தகரக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். தண்ணீர் வடிகட்டியாக இருக்கும் என்பது என் எண்ணம். கடைக்காரர் அதை வாங்கி ஒரு தடவை உருட்டிப் பார்த்தார். "தம்பி, இது தண்ணி போக வந்த சாமான் இல்ல. சூடு போக வந்தது. உள்பக்கம் நிறம் மாறியிருக்கு பாருங்க" என்றார். அது ஏதோ ஒரு பர்னரின் உறை. அவர் உருவத்தைப் பார்க்கவே இல்லை. அது பட்ட வேலையைப் பார்த்தார். அன்று முதல் நான் எந்த ப்ராப்பர்ட்டியைப் பார்த்தாலும் அவரைப் போலப் பார்க்க முயல்கிறேன்.

அதே கண்ணோடு 1980இல் வந்த இரண்டாம் ஸ்டார் வார்ஸ் படத்தின் ஐஜி-88 என்ற ரோபோவின் தலையைப் பாருங்கள். நீள உருளை, சுற்றிலும் துளைகள். காற்றைச் சீராக உள்ளே விட்டு நடுவில் எரிபொருளை எரிக்கும் ஜெட் எஞ்சின் தீக்குழாய் அது. முதல் படத்தில் மதுக்கடைக் காட்சியில் பானம் ஊற்றும் கருவிகளாகப் பின்னால் நின்றவையும் இதே வகைத் தீக்குழாய்கள்தான்.

லூக்கின் பிடியில் இன்னொரு அழகான சாட்சி இருக்கிறது. கவ்விக்குள் செருகியிருக்கும் ஒளி ஊடுருவும் சிறு பட்டை, அதில் வரிசையாகக் குமிழ்கள். முதலில் பார்ப்பவருக்கு அலங்காரமாகத் தெரியும். 1970களின் ஆரம்பத்தில் வந்த கால்குலேட்டர்களில் சிவப்பு எல்.இ.டி. எண்கள் மிகச் சிறியவை. கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று ஒவ்வொரு எண்ணுக்கு மேலும் ஒரு பூதக்கண்ணாடிக் குமிழ் வைத்தார்கள். அந்தக் குமிழ்ப் பட்டையைத்தான் கழற்றி இங்கே செருகியிருக்கிறார்கள். சம இடைவெளியில், ஒரே அளவில், வரிசையாகக் குமிழ்கள் என்றால் அடியில் எண்ணோ எழுத்தோ இருந்திருக்க வேண்டும் என்று யோசித்தவருக்குக் கால்குலேட்டர் தானாகவே வரும்.

அதே பிடியின் பக்கத்தில் உள்ள சிவப்புப் பொத்தான் ஃபிளாஷை எரியவைக்கும் பொத்தான். தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கொக்கிகள், பல்பின் பின்னால் இருக்கும் கிண்ணம் போன்ற பிரதிபலிப்பானை மாட்டுவதற்கு. ஒன்றும் வீணாக ஒட்டவில்லை.

வாசிக்கும்போது நான் கேட்கும் கேள்விகள் சில. வரிகள் குறுக்கே ஓடுகின்றனவா, நீளவாக்கில் ஓடுகின்றனவா? நீளவாக்கில் வரி இருந்தால் பெரும்பாலும் கையால் திருகுவதற்கு. மெல்லிய தகடுகள் இடைவெளி விட்டு நின்றால் சூடு ஆற்றுவதற்கு. ஓரமாக நூல்போல ஒரு கோடு முழுவதும் ஓடினால் அது அச்சில் வார்த்தது, கோடு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடம். சின்ன வட்டத் தழும்புகள் இருந்தால் பிளாஸ்டிக் அச்சிலிருந்து ஊசிகள் தள்ளிவிட்ட தடம். கடைசலில் கடைந்த உலோகத்தில் வட்ட வட்டமாக நுண்ணிய கீறல் தெரியும்.

திருகுத் தலையையும் விடாதீர்கள். ஒற்றைக் கோடு போட்ட திருகு எல்லாக் காலத்துக்கும் உரியது. கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் திருகுக்கு அமெரிக்காவில் 1936இல் காப்புரிமை கிடைத்தது, அதற்கு முந்தைய பொருளில் அது இருக்க முடியாது. கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய நாலு கீறல் கூடுதலாக இருந்தால் அது போசிட்ரைவ், 1960களில் பிரிட்டனில் பரவியது. ஒரு திருகின் தலை, பொருள் எந்த நாட்டுக்காரர், எத்தனை வயது என்பதற்குப் பாதிச் சான்று.

ஐந்தாம் படி: படம் எடுத்த இடமும் காலமும்

முதல் ஸ்டார் வார்ஸ் 1976இல் பெரும்பாலும் லண்டனுக்கு வெளியே உள்ள எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது. கதை எங்கோ தூரத்து விண்மீன் கூட்டத்தில் நடந்தாலும், சாமான் எல்லாம் அன்றைய இங்கிலாந்துக் கடைத்தெருவிலிருந்து வந்தது. செட் அலங்காரம் செய்த ரோஜர் கிறிஸ்டியன் பணம் குறைவாக இருந்ததால் பழைய விமான உதிரிகளை மொத்தமாக வாங்கிப் பிரித்துப் பயன்படுத்தியதையும், லண்டன் கேமராக் கடை ஒன்றில் பழைய கிராஃபிளெக்ஸ் பிடிகளைக் கண்டெடுத்ததையும் பலமுறை சொல்லியிருக்கிறார். 1978இல் அந்தப் படத்தின் கலை இயக்கக் குழுவுக்கு ஆஸ்கார் கிடைத்தது, அவரும் அதில் ஒருவர்.

இந்தத் தகவல் தேடலை எவ்வளவு சுருக்குகிறது பாருங்கள். டெர்வென்ட் எஞ்சின் ஓடியது குளோஸ்டர் மீட்டியர் என்ற பிரிட்டிஷ் ஜெட் போர் விமானத்தில். 1970களில் அந்த விமானங்கள் கழிவாகிப் போயிருந்தன, உதிரிகள் மலிவு. வில்லன் டார்த் வேடரின் லைட்சேபர் பிடியாக வந்த எம்.பி.பி. கேமரா ஃபிளாஷும் பிரிட்டிஷ் தயாரிப்பு. ஸ்டார்ம்ட்ரூப்பர் வீரர்களின் துப்பாக்கி பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்டெர்லிங். அதன் மேல் அமெரிக்க டாங்க் ஒன்றின் தொலைநோக்கியும், பக்கவாட்டில் ஹெங்ஸ்ட்லர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் எண்ணிக்கைக் கருவியும் ஏறின. ஆயுதங்களை வாடகைக்குக் கொடுத்தது லண்டனின் பாப்டி நிறுவனம். வாடகைக்கு வந்த பொருள் வேறு படங்களிலும் வந்திருக்கும். அதனால் அதே காலத்தில் அதே ஊரில் எடுத்த மற்றப் படங்களைப் பார்ப்பதும் ஒரு நல்ல வழி.

கால விதி ஒன்றை மறக்கவே கூடாது. படப்பிடிப்பு நடந்த நாளுக்குப் பின் சந்தைக்கு வந்த பொருள், எவ்வளவு ஒத்திருந்தாலும் விடை அல்ல. இந்த ஒரு விதியாலேயே நான் நிறைய அழகான ஊகங்களைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

ஆறாம் படி: எந்தக் குடும்பத்தில் தேடுவது

பொருளை வாசித்தாகிவிட்டது, நாடும் காலமும் தெரியும். இனி குடும்பம் குடும்பமாகப் போக வேண்டும்.

சமையலறையிலிருந்து தொடங்குங்கள், எல்லோரும் கடைசியாகப் பார்க்கும் இடம் அதுதான். 1985இல் வந்த பேக் டு தி ஃபியூச்சர் படத்தின் முடிவில் காரின் பின்னால் குப்பையைப் போட்டு எரிபொருளாக்கும் கருவி, குரூப்ஸ் நிறுவனத்தின் காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷின். 1966இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடரில் டாக்டர் மெக்காய் நோயாளியின் மேல் ஆட்டிப் பார்க்கும் கருவிகளில் சில, உப்புத் தூவும் குப்பிகள். ஒரு காட்சியில் உப்புக் குப்பியாகவே வைக்க வாங்கி வந்தார்கள். சாப்பாட்டு மேசையில் வைத்தால் உப்புக் குப்பி என்று யாருக்கும் புரியாத அளவுக்குப் புதுமையாக இருந்ததால் மருத்துவக் கருவியாக மாற்றிவிட்டார்கள். ஐஜி-88 வந்த அதே 1980 படத்தில், மேக நகரத்திலிருந்து எல்லோரும் தப்பி ஓடும்போது ஒரு துணை நடிகர் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது ஐஸ்கிரீம் செய்யும் மெஷின். அவர் திரையில் இருப்பது ஓரிரு நொடிதான். ரசிகர்கள் அதை அடையாளம் கண்டு கொண்டாடிய கொண்டாட்டத்தில், 2019இல் வந்த தி மேண்டலோரியன் தொடரில் அதே உருவத்துக்குப் பெயரும் வேலையும் கொடுத்து உலோகம் வைக்கும் பெட்டகமாகக் காட்டினார்கள்.

குளியலறையும் அப்படியே. 1999 ஸ்டார் வார்ஸ் படத்தில் குவை-கான் ஜின் பேசும் சிறு தொடர்புக் கருவி, பெண்களுக்கான ஜில்லெட் ரேசரின் கைப்பிடியை வார்த்து எடுத்தது. 1963இல் டாக்டர் ஹூ தொடரில் வந்த டாலெக் என்ற கவச எதிரியின் கை, அடைத்துக்கொண்ட தொட்டியைக் குத்தித் திறக்கும் ரப்பர் பம்பு. 1984இல் வந்த கோஸ்ட்பஸ்டர்ஸ் படத்தில் ஆவியை மோப்பம் பிடிக்கும் மீட்டர், அயோனா நிறுவனத்தின் மின்சார ஷூ பாலிஷ் மெஷின். பக்கத்தில் இறக்கையும் விளக்கும் சேர்த்துவிட்டார்கள். இந்த மூன்றிலும் ஒரு பொது குணம் இருக்கிறது. மூன்றும் கையில் பிடிக்கவென்றே வடிவமைத்தவை. நடிகர் கையில் இயல்பாக உட்காருகிற ப்ராப்பர்ட்டி என்றால், முன்பும் அது ஒரு கையில் இருந்திருக்கும் என்று சந்தேகப்படுங்கள்.

கேமரா, விமானம், ஆயுதம், மருத்துவம், மின்சாரம் ஆகியவை அடுத்த குடும்பங்கள். மின்சாரப் பாகத்தில் ஒரு வசதி உண்டு, பெயரும் எண்ணும் மேலேயே அச்சிட்டிருக்கும். கோஸ்ட்பஸ்டர்ஸ் முதுகுப் பையில் உள்ள டேல் ரெசிஸ்டர்களும் கிளிப்பார்டு காற்று வால்வுகளும் இன்றும் பெயர் சொல்லி வாங்கக் கூடிய தொழிற்சாலைப் பாகங்கள். பையைத் தாங்கும் சட்டம் அமெரிக்க ராணுவ வீரர்கள் சுமக்கும் ஆலிஸ் என்ற பையின் சட்டம்.

அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். ஸ்டார் வார்ஸின் பாலைவனக் கொள்ளையர்கள் தூக்கிக் காட்டும் முள் தலைத் தடி, ஃபிஜித் தீவுகளின் தோத்தோக்கியா என்ற போர்த்தடி. கடைப் பட்டியல்களில் இது அகப்படாது, பசிபிக் தீவுகளின் கலைப்பொருள் தொகுப்புகளில் அகப்படும். வெறுமனே வாங்கி வைத்த வடிவமைப்பாளர் பொருட்களும் உண்டு. பிளேடு ரன்னரில் கதாநாயகன் விஸ்கி குடிக்கும் சதுரக் கண்ணாடிக் குவளை, இத்தாலிய வடிவமைப்பாளர் சீனி போயெரி 1973இல் வடிவமைத்தது.

விண்கல மாடல்களின் மேல் ஒட்டியிருக்கும் நுணுக்கமான பாகங்கள் தனி உலகம். அவை பெரும்பாலும் இரண்டாம் உலகப்போர் டாங்க், கப்பல், விமானங்களைப் பொருத்திச் செய்யும் பிளாஸ்டிக் மாடல் கிட்களிலிருந்து வந்தவை. அந்தப் பழைய கிட்களின் பாகத் தாள்களை ஸ்கேன் செய்து பலர் சேர்த்துவைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு தாளாகப் புரட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஏழாம் படி: தேடும் சொல்

படத்தைக் காட்டித் தேடும் வசதி இப்போது எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. ஆனால் முழுப் ப்ராப்பர்ட்டியின் படத்தைக் கொடுத்தால், அந்தப் படத்தின் பொம்மைகளையே காட்டும். ஒரே ஒரு பாகத்தை வெட்டி எடுத்து, நேராக்கி, பின்னணியை அழித்துவிட்டுக் கொடுங்கள். அப்போதுதான் குழாய்த் திருகுக்குக் குழாய்த் திருகு வரும்.

எழுதித் தேடும்போது விற்பவரின் வாயால் தேட வேண்டும். பழைய சாமான் விற்பவருக்கு ஸ்டார் வார்ஸ் தெரியாது. "பழைய குரோம் குழாய்க் கைப்பிடி, 1970" என்றுதான் அவர் எழுதியிருப்பார். ஆங்கிலத்திலேயே பிரிட்டனில் ஒரு சொல்லும் அமெரிக்காவில் இன்னொரு சொல்லும் இருக்கும். தண்ணீர்க் குழாயைப் பிரிட்டனில் டாப் என்பார்கள், அமெரிக்காவில் ஃபாசெட் என்பார்கள். இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஜெர்மன், இத்தாலியப் பொருள் என்று சந்தேகம் வந்தால் அந்த மொழியிலும்.

காப்புரிமை ஆவணங்கள் ஒரு புதையல். அமெரிக்காவில் தோற்றத்துக்கென்றே தனிக் காப்புரிமை உண்டு, எண்ணுக்கு முன் டி என்ற எழுத்து இருக்கும். அதில் பொருளை எல்லாப் பக்கமிருந்தும் கோட்டுப்படமாக வரைந்திருப்பார்கள். கூகுள் பேடன்ட்ஸில் ஆண்டை வரையறுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மாலைப் பொழுது போவதே தெரியாது.

எட்டாம் படி: உறுதி செய்வது

"ஒத்திருக்கிறது" என்பது சான்று அல்ல. குறைந்தது மூன்று தனித்தன்மையான அம்சங்கள் பொருந்த வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் விதி. வட்டமாக இருப்பது தனித்தன்மை இல்லை. பதினோரு வரிகள், அதில் ஒன்று மட்டும் பாதியில் நிற்கிறது என்றால் அது தனித்தன்மை. இரண்டு படங்களையும் ஒரே கோணத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றின் மேல் ஒன்றைப் பாதி ஊடுருவும்படி வைத்துப் பாருங்கள். விளிம்பு பொருந்தி, உள்ளே இருக்கும் துளைகள் பொருந்தவில்லை என்றால் அதே நிறுவனத்தின் வேறு மாடலாக இருக்கலாம். அண்ணன் தம்பி மாடல்கள் நிறைய ஏமாற்றும்.

பிறகு உங்கள் விடையை நீங்களே உடைக்கப் பாருங்கள். பொருந்தாத ஒரு அம்சம் இருந்தால், அதைப் படக்குழு வெட்டியது, துளைத்தது, ஒட்டியது என்பதற்குத் தடயம் இருக்கிறதா? தடயம் இல்லாமல் "வெட்டியிருப்பார்கள்" என்று சொல்வது நம் ஆசை பேசுவது. எல்லாம் பொருந்தி, அளவு மட்டும் கொஞ்சம் சிறிதாக வந்தால், வார்த்த பிரதியாக இருக்கலாம். அச்செடுத்து ரெசினில் வார்க்கும்போது பொருள் லேசாகச் சுருங்கும், பிரதியிலிருந்து பிரதி எடுத்தால் இன்னும் சுருங்கும்.

உங்கள் விடையை மற்றவர்களிடம் காட்டும்போது எவ்வளவு உறுதி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "இந்த நிறுவனம், இந்த மாடல், முழு உறுதி" என்பது வேறு. "இந்த வகைப் பொருள், மாடல் தெரியவில்லை" என்பது வேறு. இரண்டாவதும் மதிப்புள்ள கண்டுபிடிப்புதான். அதை முதலாவது போலச் சொன்னால் அடுத்தவர் பணத்தைப் போட்டுத் தவறான சாமானை வாங்குவார்.

கையில் கிடைத்த பிறகு

அசல் பொருளையே வாங்கிப் பிரதி செய்யலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஆயுதப் பாகம் என்றால் அந்த ஆசையை அங்கேயே நிறுத்துங்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகங்களையும் ஆயுதம் என்றே கணக்கில் எடுக்கிறது. வெளிநாட்டில் யாரோ சாதாரணமாக விற்கிறார் என்பதால் நாம் வரவழைக்க முடியாது. அப்படிப்பட்ட பாகத்தை அளவெடுத்து அலுமினியத்தில் கடைந்துகொள்வது, முப்பரிமாண அச்சில் எடுப்பது என்றாலும் முழுத் துப்பாக்கி உருவத்துக்குப் போகும் முன் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பி மெஷினோ ஃபிளாஷ் பிடியோ கிடைத்தால், பிரிக்கும் முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. ஆறு பக்கமும் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். வெர்னியர் காலிப்பரால் ஒவ்வொரு விட்டத்தையும் ஆழத்தையும் அளந்து எழுதுங்கள், எடையையும் குறியுங்கள். அடியில் இருக்கும் எழுத்து, காப்புரிமை எண் எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டு அப்புறம் திருகைக் கழற்றுங்கள். கிராஃபிளெக்ஸ் பிடிகள் ஒரு காலத்தில் பழைய கேமராக் கடையில் சும்மா கிடந்தன. லைட்சேபர் செய்ய என்று ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கி வெட்டியதால், இன்று பழைய கேமரா சேகரிப்பவர் தன் கேமராவுக்கு ஒரு முழுமையான ஃபிளாஷ் தேடித் தவிக்கிறார். உங்களுக்குக் கிடைத்தது உடைந்தது, பாகம் குறைந்தது என்றால் வெட்டுங்கள். முழுசாக, பெட்டியோடு கிடைத்தால் வெட்டாதீர்கள். அளவை எடுத்துக்கொண்டு, அதை கேமரா சேகரிப்பவர் ஒருவருக்கு விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு நல்ல பிரதி வாங்குங்கள். நான் அப்படித்தான் செய்தேன். பிரதிதான் என் மேசையில் இருக்கிறது. அந்த அசல் பிடி இப்போது ஒரு பழைய கேமராவின் பக்கவாட்டில், மேலே கிண்ணம் மாட்டி, உள்ளே மூன்று பேட்டரியோடு இருக்கிறது.